சேவலா, பெட்டையா? கேட்டவர்களுக்குப் பதில்

தாராபுரம்: அக்கா, சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் கொண்டை சிவக்கிறது. எது சேவல்?

கொண்டையை விடுங்கள். பெட்டைக்கும் முட்டைக்கு வரும் நேரத்தில் சிவக்கும். சாயங்காலம் அடைந்தபிறகு ஒன்றைப் பிடித்து, வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் முதுகு இறகை விரலால் விலக்கிப் பாருங்கள். ஒல்லியாக, நுனி கூர்ந்து, எண்ணெய் தடவியது போல மினுங்கும் இறகு ஒன்றிரண்டு முளைத்திருந்தால் சேவல்தான். பெட்டைக்கு அங்கே நுனி வட்டமாக இருக்கும். கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் உண்டு. பெரும்பாலும் 10 முதல் 14 வாரத்துக்குள் தெரிந்துவிடும். மெதுவாக இறகு விடுகிற சேவலும் உண்டு, அதனால் இன்றைக்குத் தெரியவில்லை என்பதற்காகப் பெட்டைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

மணப்பாறை: அசில் சண்டைக்கோழிக்குக் கொண்டையே சரியாக இல்லையே?

அசிலுக்கு அது அமுங்கித்தான் இருக்கும். கால் முள்ளையும் நம்ப வேண்டாம், சில பெட்டைக்கும் வரும். இறகைப் பாருங்கள். சண்டைக்குச் சேவல் பொறுக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் நான் ஆளில்லை.

சேலம்: ஐந்து நாள் குஞ்சு. பின்பக்கத்தை அழுத்திப் பார்க்கலாமா?

கூடாது. ஜப்பானில் உருவான முறை அது. பயிற்சி பெற்றவர்கள் பொரித்த ஒரு நாளுக்குள் பார்ப்பார்கள். நாம் அழுத்தினால் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு உடைந்து குஞ்சு செத்துப்போகலாம்.

ஓசூர்: சிறகு இறகின் நீளத்தை வைத்து?

மெதுவாக இறகு விடும் தாய், வேகமாக விடும் தகப்பன் என்று திட்டமிட்டுச் சேர்த்த பொரிப்பகக் குஞ்சில்தான் அது செல்லும். நம் வீட்டுக் கலப்பில் செல்லாது. அதற்காகப் பின்பக்கத்தை அழுத்தப் போகாதீர்கள்.

காரைக்குடி: கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை. எங்கள் அப்பத்தா அப்படித்தான் அடை வைப்பார்.

அப்பத்தாவுக்கு வணக்கம், ஆனால் ஒரே கோழி ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் முட்டையிடும். நீங்கள் சொல்வது சரியென்றால் கூர் முட்டையிடும் கோழிக்கு ஆயுசுக்கும் சேவலாகவே பொரிக்க வேண்டும். அப்படி ஒரு கோழி இருந்தால் காட்டுங்கள்.

காரைக்குடி: போன தடவை உருண்டையாக 9 வைத்தோம், 6 பெட்டை!

பாதிக்குப் பாதி வாய்ப்பில் 9-க்கு 6 சாதாரணம். கோழியில் பாலினம் தாய் கொடுப்பது. மஞ்சள் கரு, அது உருவாகும் சூலகத்தை விட்டுக் கிளம்பும்போதே முடிவாகிவிடும். முட்டைக்கு வடிவம் அதற்கப்புறம், குழாயில் இறங்கும் வழியில் சவ்வு சுற்றும்போது வருகிறது. ஓடு கட்டவே சுமார் 20 மணி நேரம் ஆகும்.

தேனி: காரைக்குடிக்காரர் சொல்வது சரி. நாங்கள் மோதிரத்தை நூலில் கட்டி முட்டைமேல் ஆட்டிப் பார்ப்போம்.

மோதிரமும் வந்தாச்சா? சரி, இரண்டு பேருமே செய்யுங்கள். இரண்டு அடைக்கோழி, ஒன்றில் கூர் முட்டை மட்டும், இன்னொன்றில் உருண்டை மட்டும். குஞ்சுகளைத் தனித்தனியாக வளர்த்து மூன்று மாதம் கழித்து இறகைப் பார்த்துக் கணக்கோடு வாருங்கள். ஒரு தடவை போதாது, நாலைந்து தடவை வேண்டும்.

கடலூர்: வாத்தில்?

சத்தமாகக் கத்துவது பெட்டை, தொண்டை கட்டிய குரல் ஆண்.

மதுரை: தெருவில் விற்கும் கலர் குஞ்சு முட்டையிடுமா?

பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகம் கழித்த சேவல் குஞ்சுகள். வாங்காதீர்கள்.

திண்டுக்கல்: மூன்று வாரக் குஞ்சு, படம் அனுப்பியிருக்கிறேன். கொண்டை கொஞ்சம் சிவப்பு...

தாராபுரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். இரண்டு மாதம் கழித்து வாருங்கள். அழுத்தாதீர்கள்.