அவங்க பொருந்திக்கிட்டாங்களா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹஜ்ரத், அஸ்ஸலாமு அலைக்கும். நான் வேலை பாக்குற கடையோட ஓனர் பள்ளிவாசல்ல எப்பவும் முதல் ஸஃப்புல (தொழுகை வரிசையில) நிக்கிறவர், ரமலான்ல நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டை மூட்டையா குடுப்பார், போன மாசம் உம்ராவுக்கும் போயிட்டு வந்துட்டார். ஆனா எனக்கும் இன்னும் மூணு பேருக்கும் நாலு மாச சம்பளம் பாக்கி. கேட்டா "தர்றேன்பா, நான் என்ன ஓடியா போறேன்"ங்கிறார். அநியாயத்த இஸ்லாம் கடுமையா கண்டிக்குதுன்னு பயான்ல (மார்க்கச் சொற்பொழிவுல) கேக்குறோம். ஏன் அவ்வளவு கடுமை? இவ்வளவு வணக்கம் செஞ்சா இந்தப் பாவம் அடிபட்டுப் போயிடுமா? – ஒரு வாசகர், வாணியம்பாடி

பதில்: வ அலைக்குமுஸ் ஸலாம். அடிபட்டுப் போகாது சகோதரரே, அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா உங்க கேள்வியில இருக்கிற வலி எனக்குப் புரியுது.

அநியாயத்துக்கு அரபியில ளுல்ம்னு பேரு. ஒரு பொருளை அதுக்குரிய இடத்துல வைக்காம வேற இடத்துல வைக்கிறதுதான் ளுல்ம்னு மொழி அறிஞர்கள் விளக்கம் சொல்வாங்க. உங்க சம்பளம் இருக்க வேண்டிய இடம் உங்க வீட்டு அரிசிப் பானை, உங்க புள்ளையோட ஸ்கூல் ஃபீஸ், அது இன்னொருத்தர் கல்லாப்பெட்டியில உக்காந்திருக்கு, அவ்வளவுதான் விஷயம், இதுக்கு மேல தத்துவம் தேவையில்ல.

ஏன் இவ்வளவு கடுமைன்னு கேட்டீங்க. நபித் தோழர் அபூதர் (ரலி) அறிவிக்கிற ஹதீஸ் குத்ஸி ஒண்ணு, அதாவது அல்லாஹ் சொன்னதா நபி (ஸல்) எடுத்துச் சொன்னது, முஸ்லிம்ங்கிற ஹதீஸ் தொகுப்புல வருது, அல்லாஹ் சொல்றான், என் அடியார்களே, அநியாயத்தை எனக்கு நானே ஹராமாக்கிக்கிட்டேன், உங்களுக்கு நடுவுலயும் ஹராமாக்கிட்டேன், ஒருத்தருக்கொருத்தர் அநியாயம் செய்யாதீங்கன்னு. கவனிங்க, யாரும் தட்டிக்கேக்க முடியாத ரப்பு தனக்குத்தானே தடை போட்டுக்கிறான். அப்ப ஒரு கடைக்கு ஓனரா இருக்கிற நாம யாரு? எனக்கு இந்த ஒரு ஹதீஸே போதும்.

இன்னொண்ணும் இருக்கு. நோன்பு கடமையானது ஹிஜ்ரி 2-ல, மதீனாவுல. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடி மக்காவுல இறங்கின சின்னச் சின்ன சூராக்களை (குர்ஆன் அத்தியாயங்களை) எடுத்துப் பாருங்க, அநாதையைப் பிடிச்சுத் தள்றவனைப் பத்தி, உயிரோட புதைக்கப்பட்ட பொண்ணுகிட்ட "எந்தப் பாவத்துக்காக நீ கொல்லப்பட்டே"ன்னு கேக்கப்படுற நாளைப் பத்தி, அடிமையை விடுதலை பண்றதைப் பத்திப் பேசுது. அல்லாஹ்வை நம்புங்கன்னு சொன்ன அதே மூச்சுல மனுசனோட ஹக்கையும் (உரிமையையும்) சேர்த்துத்தான் மார்க்கம் பேச ஆரம்பிச்சுது.

உங்க விஷயத்துக்கே வர்றேன். கப்பாப் (ரலி) மக்காவுல ஒரு கொல்லர், வாள் அடிக்கிறவர், ஏழை, ஆள்பலம் கிடையாது. ஆஸ் இப்னு வாயில்னு ஒரு பெரிய புள்ளிக்கு வேலை செஞ்சு குடுத்தார். கூலி கேட்டுப் போனா, நீ முஹம்மதை மறுத்தாத்தான் தருவேன்னான் அவன். நீ செத்து மறுபடி எழுப்பப்பட்டாலும் மறுக்க மாட்டேன்னார் கப்பாப். அப்படியா, செத்தப்புறம் எழுப்புவாங்களா, அப்ப அங்கயும் எனக்குச் சொத்தும் புள்ளைங்களும் இருக்கும், அங்க வச்சுத் தர்றேன் போன்னான். ஒரு கூலிக்காரரோட பாக்கிக்காக மர்யம் சூராவுல 77-லிருந்து 80 வரைக்கும் ஆயத்து (குர்ஆன் வசனம்) இறங்குச்சு, அவன் சொல்றதை நாம எழுதி வைப்போம், அவன் நம்மகிட்ட தனியாளாத்தான் வருவான்னு. நாலாயிரமோ நாப்பதாயிரமோ, உங்க பாக்கி அல்லாஹ்வோட கணக்குல சின்ன விஷயம் இல்லன்னு இதை வச்சுப் புரிஞ்சுக்கங்க.

கியாமத் (இறுதித் தீர்ப்பு) நாள்ல மூணு பேருக்கு எதிரா நானே வழக்காடுவேன்னு அல்லாஹ் சொல்றதா புகாரி ஹதீஸ் தொகுப்புல வருது, அதுல ஒருத்தன், ஆளை வச்சு முழு வேலையும் வாங்கிட்டு கூலி குடுக்காதவன். வழக்குல எதிர்க்கட்சியா அல்லாஹ் நிக்கிறான்னா அங்க யாரு ஜாமீன் குடுக்கிறது?

அப்ப அவர் செஞ்ச வணக்கம்? நபி (ஸல்) ஸஹாபாக்கள்கிட்ட (தோழர்கள்கிட்ட) கேட்டாங்க, திவாலானவன் யாரு தெரியுமான்னு. காசும் பொருளும் இல்லாதவன்னு பதில் சொன்னாங்க. இல்ல, தொழுகை நோன்பு ஜக்காத் எல்லாத்தோடயும் வருவான், ஆனா இவனைத் திட்டியிருப்பான், அவன்மேல பழி போட்டிருப்பான், இன்னொருத்தன் பொருளைத் தின்னிருப்பான், ஒருத்தனை அடிச்சிருப்பான், இவனோட நன்மையெல்லாம் எடுத்து அவங்களுக்குப் பங்கு போடுவாங்க, நன்மை தீர்ந்துபோனா அவங்க பாவத்தை எடுத்து இவன் தலையில வைப்பாங்க, அப்புறம் நரகத்துல போடப்படுவான், அவன்தான் திவாலானவன்னாங்க. அல்லாஹ் பாதையில உயிரைக் குடுத்த ஷஹீதுக்கே கடனைத் தவிர எல்லாம் மன்னிக்கப்படும்னு ஹதீஸ் இருக்குங்க. ஏன்னா அந்தக் கடனை மன்னிக்கிற உரிமை கடன் குடுத்தவர்கிட்ட இருக்கு. அல்லாஹ் தன்னோட ஹக்கை மன்னிச்சிடுவான், உங்க ஹக்கை நீங்கதான் மனசார மன்னிச்சுப் பொருந்திக்கணும்.

நம்ம ஊர்ல ஹஜ்ஜுக்குப் போறவங்க வீடு வீடா போயி "ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுப் பொருந்திக்கங்க"ன்னு சொல்றதை எல்லாரும் பாத்திருப்போம். எங்க அத்தா (அப்பா) ஹஜ்ஜுக்குக் கிளம்பினப்ப நான் சின்னப் பையன், கூடவே கூட்டிட்டுப் போனாங்க. சொந்தக்காரங்க வீடெல்லாம் முடிஞ்சப்புறம் ஊருக்கு வெளிய, முன்னாடி எங்க வயல்ல வேலை பாத்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனாங்க. அவர் முஸ்லிம் இல்ல. திண்ணையில உக்காந்து மடியிலேர்ந்து ரூபாயை எடுத்து, ஒரு அறுப்புல உனக்கு ரெண்டு நாள் கூலி குறைச்சுட்டேன்யா, இத வாங்கிக்கன்னாங்க. அவருக்கு ஞாபகமே இல்ல, வேணாம் பாய்ன்னார். நீ வாங்கலைன்னா நான் கப்பல் ஏறி என்ன பிரயோஜனம்னு சொல்லி அவர் கையைப் பிடிச்சு வச்சாங்க. அப்புறமும் அத்தா எழுந்திரிக்கல, "வாங்கிட்டேன், மனசுல ஒண்ணுமில்ல"ன்னு அவர் வாயால சொல்ற வரைக்கும் அந்தத் திண்ணையிலேயே உக்காந்திருந்தாங்க.

நீங்க செய்ய வேண்டியது, நாலு பேரும் சேர்ந்து தேதி, தொகை எல்லாம் எழுதி எடுத்துட்டுப் போயி ஓனர்கிட்ட நேர்ல கேளுங்க, மசியலைன்னா ஜமாஅத் பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க, அதுக்கும் சரிவரலைன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல புகார் குடுங்க. ஒரு முஸ்லிமைப் பத்தி வெளியில சொல்றது புறம் பேசுறதாச்சேன்னு தயங்காதீங்க, கெட்டதை வெளிப்படையா பேசுறதை அல்லாஹ் விரும்பமாட்டான், அநியாயம் செய்யப்பட்டவனைத் தவிரன்னு குர்ஆன்லயே (4:148) இருக்கு. அந்த விதிவிலக்கு உங்களுக்காகத்தான் இருக்கு.

கேள்வி: பாதிக்கப்பட்டவர் முஸ்லிமா இல்லைன்னாலும் இதே சட்டம்தானா? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இதே சட்டம்தான்மா. மதீனாவுல துஃமா இப்னு உபைரிக்னு ஒருத்தன், பேருக்கு முஸ்லிம், பக்கத்து வீட்டுக்காரரோட கவசச் சட்டையைத் திருடிட்டான். அது ஒரு மாவு மூட்டைக்குள்ள இருந்துச்சு, மூட்டையில ஓட்டை, அவன் தூக்கிட்டுப் போன வழியெல்லாம் மாவு சிந்திக்கிட்டே போச்சு. அவன் அதைக் கொண்டுபோய் ஒரு யூதர் வீட்டுல குடுத்து வச்சுட்டான். தடத்தைப் பிடிச்சுப் போனவங்க யூதரைப் பிடிச்சாங்க, அவர் இது துஃமா குடுத்ததுன்னார். துஃமாவோட கோத்திரத்துக்காரங்க எல்லாம் திரண்டு வந்து, நபியே எங்க ஆளுக்காகப் பேசுங்கன்னு நின்னாங்க. அப்ப இறங்கினதுதான் நிஸா சூராவோட 105-லிருந்து வர்ற ஆயத்துகள், மோசடிக்காரங்களுக்காக வாதாடாதீங்க, தான் செஞ்ச பாவத்தை நிரபராதி மேல போடுறவன் பெரிய பழியைச் சுமக்கிறான்னு. தஃப்ஸீர்கள்ல (குர்ஆன் விளக்கவுரைகள்ல) இந்தச் சம்பவம் விரிவா இருக்கு. யூதக் கோத்திரங்களோட மதீனாவுல உறவு சுமுகமா இல்லாத காலம் அது, அப்பவும் ஒரு யூதர் நிரபராதின்னு வஹீ (இறைச்செய்தி) வந்துச்சு. மாயிதா சூராவோட 8-வது ஆயத்தையும் படிச்சுப் பாரும்மா, ஒரு கூட்டத்து மேல இருக்கிற வெறுப்பு உங்களை நீதி தவற வச்சுடக் கூடாதுன்னு வரும்.

கேள்வி: அத்தா மவ்த்தாகி (இறந்து) நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்ச கையோட அண்ணனுங்க ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னாங்க. நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் குடுத்தோம்ல, அதான் உன் பங்கு, நிலமெல்லாம் ஆம்பளைப் புள்ளைக்குத்தான்னு சொல்றாங்க. கேட்டா உறவு முறிஞ்சிடும்னு அம்மா அழுகுறாங்க. நான் என்ன செய்ய? – ஒரு சகோதரி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடாதீங்க சகோதரி. அது உங்க உரிமையை விட்டுக்குடுக்கிற விடுதலைப் பத்திரமாத்தான் இருக்கும், போட்டுட்டா சட்டப்படி திரும்ப வாங்குறது பெரும்பாடு.

உங்களை மாதிரியே ஒரு அம்மா நபி (ஸல்) கிட்ட வந்தாங்க. உஹதுப் போர்ல ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவங்களோட மனைவி, ரெண்டு பொம்பளைப் புள்ளைங்களைக் கையில பிடிச்சுக்கிட்டு, இவங்க அத்தா உங்களோட போருக்கு வந்து மவ்த்தாயிட்டாங்க, இவங்க சித்தப்பா சொத்து முழுக்க எடுத்துக்கிட்டார், காசு இல்லாம இந்தப் புள்ளைங்களுக்கு நிக்காஹ் எப்படி ஆகும்னு கேட்டாங்க. அல்லாஹ் தீர்ப்பு சொல்வான்னாங்க நபி. வாரிசுரிமை ஆயத்து இறங்குச்சு. சித்தப்பாவைக் கூப்பிட்டு, புள்ளைங்களுக்கு மூணுல ரெண்டு பங்கு, அம்மாவுக்கு எட்டுல ஒண்ணு குடு, மிச்சம் உனக்குன்னு சொல்லிட்டாங்க. உறவு முறிஞ்சிடும், பேசாம இருன்னு அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பல. ஒரு பொண்ணு வாய் திறந்து கேட்டதுக்கு வானத்துலேர்ந்து பதில் வந்துச்சு, நீங்க கேக்குறதுல என்ன தப்பு?

நகையும் சீரும் பங்கு ஆகாது. அத்தா உயிரோட இருந்தப்ப குடுத்தது அன்பளிப்பு. அத்தா மவ்த்துக்கு அப்புறம் இருக்கிற சொத்துல, கடனும் வசிய்யத்தும் (உயிலும்) போக, அம்மாவுக்கு எட்டுல ஒண்ணு, மீதியில ஒரு அண்ணனுக்குப் போற பங்குல பாதி உங்களுக்கு. நிலத்துலயும் உண்டு. 1937-ல வந்த ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டு வச்சிருந்துச்சு, நம்ம மெட்ராஸ் மாகாணத்துல 1949-ல திருத்தம் போட்டு அதையும் சேர்த்துட்டாங்க, அதனால நிலம் ஆம்பளைக்குத்தான்னு இங்க மார்க்கமும் சொல்லல, சட்டமும் சொல்லல.

உங்க அண்ணனுங்க இதைப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சாண் நிலத்தை அநியாயமா எடுத்தா ஏழு பூமியும் கழுத்துல மாலையா போடப்படும்னு நபி (ஸல்) சொல்லியிருக்காங்க தம்பிகளா. தங்கச்சி பங்குல விளையுற நெல்லுதான் நாளைக்கு உங்க புள்ளைங்க தட்டுல சோறா விழும். அவங்க மனசார விட்டுக்குடுத்தா அது வேற, பங்கை முதல்ல அளந்து கையில குடுத்துட்டு அப்புறம் கேட்டுப் பாருங்க, அழுதுக்கிட்டே போடுற கையெழுத்து பொருத்தம் ஆகாது.

கேள்வி: எங்க கம்பெனியில ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் ஆரம்பிக்கிறாங்க. எல்லா மதத்துக்காரங்களும், மதமே வேணாம்ங்கிறவங்களும் இருக்காங்க. நான் சேரலாமா? – ஒரு இளைஞர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: தாராளமா சேரலாம் தம்பி. முதல் பதில்ல கப்பாபுக்குக் கூலி குடுக்காத ஆஸ் இப்னு வாயிலைப் பத்திச் சொன்னேன்ல, அவன் அதுக்குப் பல வருசத்துக்கு முன்னாடியே இந்த வேலையைச் செஞ்சவன். யமன்லேர்ந்து வந்த ஒரு வியாபாரிகிட்ட சரக்கை வாங்கிட்டுக் காசு குடுக்கல. வெளியூர்க்காரர், ஆதரவுக்கு ஆள் இல்ல, கஅபா பக்கத்துல இருக்கிற அபூ குபைஸ் மலை மேல ஏறி நின்னு எனக்கு நியாயம் வேணும்னு சத்தம் போட்டார். குறைஷிகள்ல சில கோத்திரத்துக்காரங்க அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டுல கூடி, மக்காவுல யாருக்கு அநியாயம் நடந்தாலும் அவர் உள்ளூரோ வெளியூரோ நாம அவர் பக்கம் நிப்போம்னு சத்தியம் பண்ணாங்க. நேரா ஆஸ் வீட்டுக்குப் போயி சரக்கை மீட்டு அந்த வியாபாரி கையில குடுத்தாங்க. ஹில்ஃபுல் ஃபுளூல்னு அந்த ஒப்பந்தத்துக்குப் பேரு.

அதுல முஹம்மது (ஸல்) கலந்துக்கிட்டாங்க, அப்ப கிட்டத்தட்ட 20 வயசு, நபித்துவம் வர்றதுக்கு இன்னும் 20 வருசம் இருக்கு. அங்க இருந்தவங்க யாரும் முஸ்லிம் கிடையாது. பின்னாடி அதை நினைச்சு, விலை உசந்த செவ்வொட்டகங்களைக் குடுத்தாலும் அந்த ஒப்பந்தத்தை விட்டுக்குடுக்க மாட்டேன், இஸ்லாம் வந்த பிறகு இப்ப அதுக்குக் கூப்பிட்டாலும் போவேன்னாங்க.

அதனால கூட்டத்துக்குப் போங்க, சந்தாவைக் கட்டுங்க. அஸர் நேரம் வந்தா ஒரு ஓரமா துண்டை விரிச்சுத் தொழுதுட்டு வந்து திரும்ப உக்காருங்க.