டிரிப்ஸைக் கழற்றிவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால் நோய் சரியாகிவிடுமா? புதிய ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: அப்பாவுக்கு 68 வயது. நிமோனியா என்று ஈரோட்டில் அட்மிட் செய்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே டிரிப்ஸைக் கழற்றி, மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்த ஒறம்பரையெல்லாம் "அரைகுறையா அனுப்பிப்போட்டாங்க" என்கிறார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று யோசிக்கிறார்.

காய்ச்சல் விட்டுவிட்டது, சாப்பிடுகிறார், மூச்சு வாங்கவில்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் எங்கேயும் கூட்டிப் போக வேண்டாம். அவருக்கு நடந்தது அரைகுறை வைத்தியம் இல்லை. கடந்த ஏழெட்டு வருடங்களில் வந்த ஆராய்ச்சிகளை ஒழுங்காகப் படிக்கிற டாக்டர் செய்கிற வைத்தியம்தான் அது.

நான் டாக்டர் இல்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டு சிஸ்டர். வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தி வைக்கிற குழாய் ஊசி) குத்துவதும் பாட்டில் மாட்டுவதும்தான் என் பிழைப்பு, அதனால் ஊசிமேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. எங்கள் சீஃப் டாக்டர் புதிதாக வருகிற ஆராய்ச்சிகளை எங்களையும் உட்கார வைத்துப் பேசுவார். கீழே எழுதுவதில் பாதி அங்கே கேட்டது, மீதி அதற்குப் பிறகு நானே தேடிப் படித்தது.

முதலில் அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அரை லிட்டர் நார்மல் சலைனில் நாலரை கிராம் உப்பு, மற்றதெல்லாம் தண்ணீர். குளுக்கோஸ் பாட்டில் என்று நாம் சொல்கிற 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிக்குள்தான் வரும், ரெண்டு இட்லியில் கிடைப்பது. "தெம்புக்கு ஒரு பாட்டில் போட்டு உடுங்க சிஸ்டர்" என்று கேட்காத குடும்பமே எங்கள் வார்டில் கிடையாது. அதிலும் விட்டமின் கலந்த மஞ்சள் பாட்டிலுக்குத் தனி மரியாதை. சொட்டுச் சொட்டாக மஞ்சளாக இறங்குவதைப் பார்த்தால் வந்தவர்களுக்கு ஒரு திருப்தி. கொஞ்ச நேரத்தில் சிறுநீரும் அதே நிறத்தில் போகும். உடம்புக்கு வேண்டாத விட்டமின் பி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

சரி, தண்ணீர் பாட்டிலை விடுங்கள், ஆன்டிபயாடிக் ஊசிக்குப் பதிலாக மாத்திரை எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லீவோஃப்ளாக்சசின், லினிசோலிட், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் ஏறக்குறைய முழுதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். நரம்பில் போட்டாலும் வாயில் போட்டாலும் கிருமிக்குப் போய்ச் சேருவது கிட்டத்தட்ட அதே அளவுதான். எல்லா மருந்தும் அப்படி இல்லை. செஃப்ட்ரியாக்சோன் வயிற்றில் உறிஞ்சப்படாது, அதனால் அது ஊசியாக மட்டும்தான் வரும். இங்கேதான் ஜனங்களுக்குச் சந்தேகம் கிளம்புகிறது. ஆஸ்பத்திரியில் போட்டது ஒரு பேர், சீட்டில் எழுதியது வேறு பேர். உடனே "வெலை கம்மியான மருந்தை எழுதிட்டாங்க" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மருந்து மாறியதற்குக் காரணம் அந்த ஊசிக்கு மாத்திரை இல்லாததுதான்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். இதயத்தின் வால்வில் கிருமி தொற்றினால் நாலு முதல் ஆறு வாரம் நரம்பு வழியாகத்தான் மருந்து போக வேண்டும் என்பது பல காலமாக மாறாத விதி. டென்மார்க்கில் அதையே சோதித்துப் பார்த்தார்கள். இடதுபக்க வால்வில் தொற்று வந்து, நிலை தேறிய 400 பேர். எல்லோருக்கும் குறைந்தது பத்து நாள் ஊசி போட்ட பிறகு பாதிப் பேரை மாத்திரைக்கு மாற்றினார்கள். இறப்பு, திடீர் இதய ஆபரேஷன், வால்விலிருந்து கட்டி பிரிந்து போய் ரத்தக்குழாயை அடைப்பது, ரத்தத்தில் கிருமி திரும்புவது, இதில் ஏதாவது ஒன்று நடந்தவர்கள் ஊசியிலேயே தொடர்ந்தவர்களில் 12.1 சதவீதம், மாத்திரைக்கு மாறியவர்களில் 9 சதவீதம். மாத்திரை ஊசிக்குச் சளைத்தது அல்ல என்று 2018ல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்திலிருந்து எலும்பு, மூட்டுத் தொற்றைப் பற்றி இன்னொன்று வந்தது. 1,054 பேர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வைத்தியம் தோற்றது ஊசிக்காரர்களில் 14.6 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 13.2 சதவீதம். வால்வுக்கும் எலும்புக்குமே மாத்திரை போதும் என்றால், தேறிவரும் நிமோனியாவுக்குப் போதாதா?

எத்தனை நாள் என்பதும் மாறிக்கொண்டே வருகிறது. பிரான்சில் நிமோனியாவுக்கு அட்மிட் ஆனவர்களில், ஐசியூவுக்குப் போகாத, மூன்று நாளில் நிலை சீரானவர்களுக்கு அத்தோடு ஆன்டிபயாடிக்கை நிறுத்திப் பார்த்தார்கள். எட்டு நாள் சாப்பிட்டவர்களைவிட அவர்கள் மோசமாகவில்லை. அது 2021. ரத்தத்திலேயே கிருமி கலந்துவிட்ட 3,600க்கும் மேற்பட்டவர்களை ஏழு நாடுகளில் வைத்து ஏழு நாளா, பதினாலு நாளா என்று பார்த்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2024ல் வந்தது. 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழு நாள் பிரிவில் 14.5 சதவீதம், பதினாலு நாள் பிரிவில் 16.1. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நாள் என்பது கிருமியையும் ஆளையும் பார்த்து டாக்டர் போடுகிற கணக்கு. காசநோய்க்கு இந்தக் கணக்கு கிட்டவே வராது, அங்கே மாதக் கணக்கில் சாப்பிட்டே ஆக வேண்டும்.

காசநோய் என்றதும் எங்கள் ஊரைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பெருந்துறை மெடிக்கல் காலேஜ் இருக்கிற இடத்தை வயதானவர்கள் இன்றைக்கும் "சானடோரியம்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் டிபி என்றால் மாதக் கணக்கில் அங்கே படுத்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. 1956ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஒரு பிரிவு நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பிரிவை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே விட்டும், இருவருக்கும் ஒரே மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் மட்டம், ஓய்வும் குறைவு. 1959ல் முடிவு வந்தபோது இரண்டு பிரிவும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமாகியிருந்தது, வீட்டிலேயே வைத்தியம் பார்த்ததால் கூட இருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு நம்ம சென்னையில் நடந்த இந்த வேலை ஒரு முக்கியக் காரணம். மருந்துக்குக் கட்டுப்படாத டிபியிலும் அதே கதைதான். கானமைசின் ஊசியை மாதக் கணக்கில் குத்தி எத்தனையோ பேருக்குக் காது போனது. 2018ல் உலக சுகாதார நிறுவனம் அந்த ஊசி வேண்டாம் என்றது, 2022ல் ஆறு மாதம் மாத்திரை மட்டும் என்ற முறையைப் பரிந்துரைத்தது, 2024ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

டிரிப்ஸால் வரும் கெடுதலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டத்து வேலை செய்து காய்த்த கைகளில் தோல் தடித்திருக்கும், நரம்பு ஊசிக்குப் பிடி கொடுக்காமல் உருண்டு ஓடும். ரெண்டு இடத்தில் குத்தி மூன்றாவதில்தான் நிற்கும். மறுநாள் பார்த்தால் ஊசி போன வழியே சிவந்து, தொட்டால் கயிறு மாதிரி தடிப்பு. சில பேருக்கு அந்த ஓட்டை வழியாகவே புதுக் கிருமி ரத்தத்துக்குள் போய்விடும். அதைவிடப் பெரிய கெடுதல், பாட்டில் ஓடுகிறவரை ஆள் கட்டிலைவிட்டு எழுந்திருப்பதில்லை. மூன்று நாள் படுத்துக் கிடந்த அப்புச்சியை எழுப்பிப் பாத்ரூம் கூட்டிப் போகும்போது தொடை நடுங்குவதைத் தினமும் பார்க்கிறேன். ஸ்பெயினில் பாம்ப்லோனா நகரத்தில் 75 வயது தாண்டிய 370 பேரை வைத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு கிடைத்தவர்களுக்கு, குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்றவற்றுக்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் டிஸ்சார்ஜ் ஆகும்போது 5 குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே தினம் நடக்கவும் நாற்காலியில் உட்கார்ந்து எழவும் பழக்கியவர்களுக்குக் குறையவில்லை, கிட்டத்தட்ட 2 கூடியிருந்தது. மூன்றாம் நாளே உங்கள் அப்பாவின் கையிலிருந்து வென்ஃப்ளானை எடுத்தது அவர் காலுக்கும் செய்த உபகாரம்தான்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் பாட்டில் தொங்குகிறது என்று கேட்பீர்கள். ஜனங்கள் கேட்கிறார்கள் என்பது பாதிக் காரணம். இன்னொன்றை வெளியே பேச மாட்டார்கள். மாத்திரை மட்டும் கொடுத்த கேஸ் என்றால் "இதை வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாமே" என்று இன்ஷூரன்ஸில் கேள்வி வருவது உண்டு. கேஸ் ஷீட்டில் ஊசி இருந்தால் அந்தப் பேச்சு கொஞ்சம் குறையும். தேவையில்லாத பாட்டிலுக்கு டாக்டரை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊசியே தேவையில்லை என்றும் யாராவது கிளம்பிவிடக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கியவர், நினைவு தடுமாறுகிறவர், எதைக் குடித்தாலும் வாந்தி எடுக்கிறவர், மூளைக்காய்ச்சல்காரர், இவர்களுக்கு நரம்பு வழிதான், அதுவும் உடனே. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். புதர்க்காட்டில் இருக்கும் சின்ன உண்ணி மாதிரிப் பூச்சி கடித்து வருவது, ஆடு மேய்க்கிறவர்களையும் காட்டு வேலைக்குப் போகிறவர்களையும் பிடிக்கும். லேசாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே அடங்கிவிடும். முற்றிப்போனால் கதை வேறு. வேலூர் சிஎம்சி முன்நின்று நடத்திய ஆராய்ச்சி 2023ல் வந்தது. கடுமையான நோயாளிகளுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தபோது இறப்பு, தீராத சிக்கல்கள், விடாத காய்ச்சல் மூன்றும் சேர்ந்த கணக்கு 33 சதவீதம். தனித்தனியாகக் கொடுத்தபோது 47, 48. அந்த இடத்தில் மாத்திரை போதும் என்று பேசிக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் அப்பா விஷயத்தில் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். மாத்திரை வயிற்றில் தங்குகிறதா, வாந்தியாகப் போகிறதா என்று பாருங்கள். காய்ச்சல் திரும்பி வந்தாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ, ஆள் உளறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ ஒறம்பரையைக் கேட்காமல் அதே டாக்டரிடம் உடனே போங்கள். மற்றபடி பகலில் படுக்கவிடாதீர்கள், வாசலில் நாலு நடை நடக்கட்டும். இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கும். இந்த வயதில் எக்ஸ்ரேயில் வெள்ளை மறைய ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து "இன்னும் சளி அப்படியே இருக்குதுங்க" என்று யாராவது மறுபடி அட்மிட் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ரிவ்யூவுக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.