ஆகஸ்ட் கடலில் கெளுத்தி மட்டும் ஏன் மாட்டுகிறது?

கேள்வி: திருவான்மியூரில் வசிக்கிறேன். 12 அடி ராடும் 5000 சைஸ் ரீலும் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குப் பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என்று மாறி மாறிப் போகிறேன். மார்க்கெட் இறால்தான் இரை. எண்பது மீட்டர் வரை வீச முடிகிறது. கெளுத்தியும் பேத்தையும் தவிர எதுவும் மாட்டவில்லை. இந்த மாதங்களில் கரையோரம் வேறு மீனே கிடையாதா?

பதில்: மீன் இருக்கிறது. நீங்கள் போகும் நேரம், வீசும் தூரம், கோர்க்கும் இரை, இந்த மூன்றும் கெளுத்திக்குத்தான் தோதாக இருக்கின்றன.

முதலில் நேரம். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். சென்னைக்கு அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மீனவர்கள் கச்சான் என்பார்கள். விடியற்காலையில் கச்சான் அடித்தால் கரையோர அலை அடங்கிக் கிடக்கும். மேல்தண்ணீரை அது வெளியே தள்ளுவதால் அடித்தண்ணீர் கரைப்பக்கம் ஏறி வரும். அந்தத் தண்ணீர் தெளிவாக இருக்கும், சில நாள் கால் வைத்தாலே சில்லென்று இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும், மதியத்துக்கு மேல் காற்று தென்கிழக்கிலிருந்து திரும்பும். நான்கு மணிக்கு நீங்கள் போய் நிற்கும்போது கடற்காற்று இரண்டு மணி நேரமாவது அலையை அடித்து மணலைக் கிளப்பியிருக்கும். கலங்கிய தண்ணீரில் கண்ணால் தேடித் தின்னும் மீனுக்கு இரை தெரியாது. கெளுத்திக்குக் கண்ணே தேவையில்லை, மீசையாலும் வாசனையாலும் இரையைக் கண்டுபிடித்து வந்துவிடும். இருட்டினால் அதற்கு இன்னும் வசதி.

அதனால் மாலையை விட்டுவிட்டு விடியலுக்கு மாறுங்கள். இந்த மாதங்களில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிக்கும். ஐந்து மணிக்கு நரம்பு (தூண்டில் நூல்) தண்ணீரில் இருக்க வேண்டும், எட்டு மணிக்குக் கிளம்பிவிடலாம். அதற்கு மேல் வெயிலில் நின்று பலனில்லை. மாலைதான் முடியும் என்றால், கடற்காற்று ஏறாமல் புழுங்கித் தள்ளும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஊரே வெயிலைத் திட்டும் அந்த நாளில்தான் கரைத் தண்ணீர் கலங்காமல் இருக்கும்.

கடல்மட்டத்தின் ஏற்ற வற்றத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறி இறங்கும் அளவு சுமார் ஒரு மீட்டர், அஷ்டமி நவமிப் பக்கம் அரை மீட்டர்கூட வராது. தண்ணீர் நகராத நாளில் மீனும் மந்தமாகத்தான் இருக்கும். நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன ஞாயிறு கிடைத்த அதே மணிக்கு இந்த ஞாயிறு எதிர்பார்க்க முடியாது. விடியலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்துப் போனால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தூரம். எண்பது மீட்டர் வீசுவது கைக்குப் பெருமைதான், ஆனால் பெரும்பாலான மீன் உங்கள் ராடுக்கும் ஈயக்குண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. நீலாங்கரைப் பக்கம் வற்றத்தில் கரையோரமாக ஒருமுறை நடந்து பாருங்கள். அலை முதலில் உடையும் இடத்தில் வெள்ளை நுரை கோடு போட்டதுபோல் தெரியும். அடியில் மணல் திட்டு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கும் கரையில் அலை கடைசியாகப் புரளும் இடத்துக்கும் நடுவே, நுரை குறைந்து கொஞ்சம் கரும்பச்சையாக ஒரு பட்டை ஓடும். அதுதான் பள்ளம். அலை கிளப்பிவிடும் புழு, பூச்சி, குட்டி இறால் எல்லாம் அதில்தான் வந்து விழும். கிழங்கான் அங்கேதான் மேயும். பல நாள் அது இருபது முப்பது மீட்டரிலேயே இருக்கும். திட்டில் ஓரிடத்தில் நுரைக்கோடு அறுந்து, கலங்கல் தண்ணீர் கடலுக்குள் போவது தெரிந்தால் அதன் இரு ஓரமும் நல்ல இடம். ஆனால் அந்த இழுப்பில் முழங்காலுக்கு மேல் இறங்கவே கூடாது.

நீரோட்டத்தின் திசையும் முக்கியம். இந்தக் காலத்தில் கரையோரத் தண்ணீர் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். குப்பத்தில் இதைத் தெண்டி என்பார்கள். நேரே கிழக்கே வீசினால் குண்டு உருண்டு உருண்டு வடக்கே போய், நரம்பு வளைந்து, மீன் தொட்டாலும் கைக்குத் தெரியாது. கடலைப் பார்த்து நின்று உங்கள் வலப்பக்கமாக, அதாவது தெற்கே சாய்த்து வீசுங்கள். குண்டு ஊர்ந்து உங்கள் எதிரே வரும்வரை தொய்வைச் சுற்றி எடுத்தால் நரம்பு விறைப்பாகவே இருக்கும். ஓட்டம் பலமாக இருந்தால் உருண்டைக் குண்டை மாற்றி 80 முதல் 100 கிராம் பிரமிடு குண்டு போடுங்கள். ஓட்டம் இல்லாத நாளில் 40 கிராம் போதும்.

இரை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மார்க்கெட் இறால் ஐஸ் தண்ணீரில் ஊறிச் சதை தளர்ந்திருக்கும். எண்பது மீட்டர் வீச்சின் விசையில் பாதி பிய்ந்துபோகும், மீதி அடியில் கரைந்து வாசனை விடும். கீச்சான் குஞ்சுகள் தூண்டில் முள்ளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகும், மிச்சத்துக்குக் கெளுத்தி வரும். அன்று காலை பிடித்த இறால் கிடைத்தால் அதுதான் உத்தமம். கிடைக்காவிட்டால் கால் கிலோ இறாலை உரித்து, இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டுப் பிரட்டி, ஓர் இரவு பிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் விட்டுச் சதை இறுகிவிடும், முள்ளில் நிற்கும். கடம்பாவை (கணவாய் வகை) நீளத்துண்டுகளாக நறுக்கிப் போட்டாலும் எளிதில் பிய்யாது. எதுவும் வாங்காமலும் சமாளிக்கலாம். அலை வழிந்து திரும்பும் ஈர மணலைக் கையால் தோண்டினால் புளியங்கொட்டை அளவில் முட்டை வடிவப் பூச்சிகள் சட்டென்று புதையும். பள்ளத்தில் மேயும் மீனுக்கு அது பழகிய தீனி.

கிழங்கானுக்கு ஜோடனை இப்படி இருக்கட்டும்: 20 பவுண்ட் பிரெய்டின் (பின்னல் நரம்பு) நுனியில் 12 பவுண்ட் தங்கூஸ் (ஒற்றை நைலான் நரம்பு) ஒன்றரை மீட்டர். அதன் அடியில் ஈயம். ஈயத்துக்கு ஒரு சாண் மேலே ஒன்றும், அதற்கு மேல் ஒன்றரைச் சாண் விட்டு இன்னொன்றுமாக இரண்டு கிளைகள். ஒவ்வொன்றும் 10 முதல் 15 செ.மீ. நீளம் போதும், நீளமாக விட்டால் மெயின் நரம்பில் சுற்றிக்கொள்ளும். நீளத்தண்டு முள், எட்டாம் எண். வாய் சின்னது என்பதால் பெரிய முள் போட்டால் இரையை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். இறால் துண்டு சுண்டுவிரல் நகத்தளவுதான். முள்ளின் நுனி வெளியே தெரியட்டும். எறிந்துவிட்டுத் தாங்கியில் ராடை நட்டுவிட்டு உட்காராதீர்கள். அரைச்சுற்று சுற்றி, பத்து நொடி நிறுத்தி, மறுபடி அரைச்சுற்று. குண்டு ஊரும்போது கிளம்பும் சின்ன மணல் புகை கிழங்கானை இழுக்கும். டொக் டொக் என்று இரண்டு தட்டு வரும். உடனே வெட்டி இழுத்தால் வாயிலிருந்து உருவிக்கொள்ளும். ராடை மெல்லச் சாய்த்துப் பாரம் தெரிந்த பிறகு சுற்றுங்கள். ஒன்று மாட்டிய இடத்தில் மறுபடி எறியுங்கள், கூட்டமாகத்தான் திரியும்.

கெளுத்தித் தொல்லை தீராத இடத்தில் ஒரு தந்திரம் உண்டு. முள்ளுக்கு ஒரு விரற்கடை தள்ளி நரம்பில் சின்னத் தக்கைமணி கோர்த்தால் இரை தரையிலிருந்து ஒரு சாண் மிதக்கும். அடியைத் தடவித் திரியும் கெளுத்திக்கு எட்டுவது குறையும், பாறை மீன் குட்டிக்கும் காலாவுக்கும் கண்ணில் படும்.

பெரிய மீன் வேண்டுமென்றால் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். முட்டுக்காடு நீர் கடலில் சேரும் கோவளம் வாயும் அடையாற்று வாயும் கோடையில் மணல் சேர்ந்து அடைபட்டுக் கிடப்பது வழக்கம். அடைபட்டிருக்கும்போது அங்கே போய் வீணாக நிற்காதீர்கள். மாலை இடிமழை பெய்தோ மண் வெட்டியோ வாய் திறந்தபின், வற்றம் பாதி இறங்கும் இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். உள்ளே இருக்கும் இறாலும் மடவைக்குஞ்சும் ஓட்டத்தோடு வெளியே வரும், கொடுவா வாசலிலேயே காத்திருக்கும். 30 பவுண்ட் பிரெய்ட், 40 பவுண்ட் தங்கூஸ் ஒரு மீட்டர், 4/0 முள், உயிர் இறாலை வால்பக்கம் கோர்த்து, ஈயம் குறைவாகப் போட்டு ஓட்டத்தில் விட்டுவிட வேண்டும். ரீலின் பிரேக்கை மூன்று கிலோ இழுப்புக்கு மேல் இறுக்காதீர்கள். கொடுவா துள்ளித் தலையை உதறும்போது ராடு நுனியைத் தாழ்த்துங்கள். அதன் செவுள் மூடி கத்திபோல் வெட்டும், வாய்க்குள் கட்டைவிரல் விட்டுத் தூக்குவதைவிடப் பிடிகொறடு நல்லது. மழைக்குப்பின் கலங்கல் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேரும் கோடு தெரியும். அந்த ஓரத்தில் காலா கிடைக்கும்.

கடலில் ஆலாப் பறவைகள் கூட்டமாகப் பாய்ந்து பாய்ந்து எழுந்தால் கீழே நெத்தோலியோ மத்தியோ வந்திருக்கிறது, அதன் பின்னால் பாறையும் சீலாவும். அப்போதுதான் உங்கள் எண்பது மீட்டர் வீச்சு உதவும். 30, 40 கிராம் உலோக ஜிக்கை (போலி இரையை) எறிந்து வேகமாகச் சுற்றுங்கள். சீலாவின் பல் தங்கூஸை அறுத்துவிடும், ஒரு சாண் கம்பி போட்டுக்கொள்ளுங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள தூண்டில் வளைவுக் (கடலரிப்பைத் தடுக்கப் போட்ட) கற்களில் செப்பிலி, ஓரா, கலவா உண்டு. ஆனால் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துக் கல்லில் ஏறாதீர்கள். இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவைகள் மையம் தரும் அறிவிப்பில் இரண்டு அலைகளுக்கு இடையிலான நொடிகளும் இருக்கும். 12 நொடிக்கு மேல் என்றால், தென்கடலில் எங்கோ கிளம்பிய நெடிய அலை வருகிறது. பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஒரே அலையில் கல் முழுவதையும் நனைத்துவிடும்.

வலை கட்டியிருக்கும் மிதவைக்கு மேல் எறியாதீர்கள். கரைவலை இழுக்கும் நேரத்தில் ராடை எடுத்துவிட்டு நகர்ந்துகொள்வது மரியாதை. கோவளத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற குளிக்கும் பகுதி தூண்டிலுக்கான இடமல்ல. எங்கே போனாலும் படகருகே இருப்பவரிடம் “அண்ணா, இன்னிக்கு வெள்ளம் எப்படி?” என்று நீரோட்டத்தைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எந்தச் செயலியும் சொல்லாததை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்.

கெளுத்தியை இனி முற்றிலும் தவிர்க்க முடியாது, ஆகவே கையாளத் தெரிந்திருக்க வேண்டும். முதுகிலும் இரு பக்கத் துடுப்பிலும் ரம்பம்போன்ற விஷமுள் உண்டு. காலால் மிதித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுவது செருப்பைத் துளைக்கும் வேலை. ஈரத்துணியால் தலையை அழுத்திக் கொறடால் கழற்றுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள், வலி தணியும். முள் ஒடிந்து உள்ளே இருந்தாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். பேத்தையை வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அதன் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது, பூனைக்குக்கூட ஆகாது. மேற்கே வானம் கறுத்து ஓர் இடி காதில் விழுந்தாலே ராடைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போங்கள். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும்.

அடையாறு, கூவம் வாயில் பிடித்ததைச் சமைக்க வேண்டாம், அது சாக்கடை சேரும் தண்ணீர். எண்ணூரிலும் அப்படித்தான்: சாம்பல் கழிவு ஒருபுறம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் மறுபுறம். நீலாங்கரைக்குத் தெற்கே பிடித்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம், ஐஸ் இருந்தால். மீன் எடைக்குச் சம எடை ஐஸ், அதில் ஒரு சொம்பு கடல் தண்ணீர். பிடித்தவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடித்து அதில் போடுங்கள். கானாங்கெளுத்தி (இது கெளுத்தி அல்ல, அயிலை) வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே ஹிஸ்டமைன் சேரும், குழம்பில் கொதித்தாலும் அது போகாது, முகம் சிவந்து தடிப்பு வரும்.

அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவக்காற்று ஏறியதும் ஓட்டம் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே போகும். அது வன்னி. அப்போது வலப்பக்கம் எறிவதை விட்டு இடப்பக்கம் எறியுங்கள், குண்டின் எடையையும் 100 கிராமுக்கு மேல் ஏற்றுங்கள்.