காங்கோவின் ஃபிராங்கோ ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறார்?

கிட்டார் கலைஞரும் பாடகருமான ஃபிராங்கோ லுவாம்போ 1938-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சந்தையில் பலகாரம் விற்பார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் செய்த கிட்டாரை மீட்டி ஆட்களைக் கூப்பிடுவான். 1956-இல், இன்று கின்ஷாசா எனப்படும் ஊரில், நண்பர்களோடு ஓகே ஜாஸ் குழுவைத் தொடங்கினார். கடைசிவரை அதுதான் அவர் உயிர்.

சரி, இசையில் அப்படி என்ன இருக்கிறது? பாட்டு நிதானமாகத் தொடங்கும், லிங்காலா மொழியில் ஒரு கதை சொல்லும். பாதியில் குரல்கள் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார்கள் ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் பின்னும். இதற்கு செபேன் என்று பெயர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக அவர் கம்பிகளைச் சுண்டும்போது உட்கார்ந்திருப்பவருக்கும் கால் ஆடிவிடும். முதலில் 'மாரியோ' கேளுங்கள். வயதில் மூத்த பெண்ணை அண்டிப் பிழைக்கும் படித்த இளைஞனின் கதை அது.

நாட்டின் அன்றைய சர்வாதிகாரி மொபுட்டுவைப் புகழ்ந்தும் பாடினார், ஆபாசப் பாட்டுகளுக்காகச் சிறைக்கும் போனார். எனக்கு மனதில் நிற்பது 1987-இல் எய்ட்ஸ் பற்றி அவர் பாடிய எச்சரிக்கைப் பாட்டு. ஊரே பேசத் தயங்கிய காலம் அது. 1989-இல் அவர் இறந்தபோது நாடே துக்கம் அனுசரித்தது.