கல்பாசி ஆட்டுக் குடல்புழுவைக் கொல்லுமா?

நீங்க ஆடு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சுத்தான் எழுதறேன். பிரியாணிக்குப் போடுற கல்பாசி புழுவுக்கு ஆகுமான்னு சும்மா யாரும் கேக்க மாட்டாங்க.

எனக்கு வெள்ளகோவில் பக்கம் கொறங்காடுங்கற மேய்ச்சல் நிலம், மேச்சேரி செம்மறி நாப்பது. போன ஐப்பசி மழைக்கு அப்புறம் கொழுக்கட்டைப் புல்லு நல்லா வந்துச்சு. ஆனா சாயங்காலம் பட்டிக்கு வரும்போது ஆறு குட்டிக்குத் தாடைக்குக் கீழ நீர் கோத்துத் தொங்குச்சு. இமையை விலக்கிப் பார்த்தா உள்பக்கம் வெளுத்துக் கிடந்துச்சு. பாசி புழுவைக் கொல்லும்னு வாட்ஸப்ல வந்ததை நம்பி, கல்பாசியைக் கருப்பட்டியோட அரைச்சு மூணு நாள் ஊட்டினேன். நாலாம் நாள் விடியறப்ப ரெண்டு குட்டி எந்திரிக்கல.

டாக்டர் ஒன்னை அறுத்துக் காட்டினாருங்க. நாலாவது இரைப்பை பூரா, சிவப்பும் வெள்ளையுமா முறுக்கின நூல் துண்டாட்டம் புழு. இன்னும் நெளிஞ்சுட்டிருந்துச்சு. "ரத்தம் குடிக்கிற புழுங்க. ஒரு பொட்டைப் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல முட்டை போடும்"னாரு. அந்த மூணு நாளை நினைச்சா இன்னும் நெஞ்சு அடைக்குது.

வாட்ஸப் சேதி முழுப் பொய்யும் இல்லீங்க. ஊட்டிச் சோலை மரங்கள்ல தாடியாட்டம் தொங்குற பாசியில உஸ்னிக் அமிலம்னு ஒன்னு இருக்கு. 1844லயே பிரிச்செடுத்துட்டாங்க. ஆய்வுக்கூடத் தட்டுல சில ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொன்னிருக்கு. அசை போடுற வயித்துக்குள்ள போனா அதுல எவ்வளவு மிஞ்சும்னு தட்டு சொல்லுமா? மளிகைக் கடைக் கல்பாசியோ வேற சாதி. அதுலயும் நாலஞ்சு வகை கலந்து கிடக்கும். அந்த உஸ்னிக் அமிலம் மனுசன் கல்லீரலையே கெடுத்திருக்கு. 2004ல அமெரிக்காவுல வயோமிங் பக்கம், அதே அமிலம் இருக்குற தரைப்பாசியைத் தின்ன எல்க் மான்கள் எந்திரிக்க முடியாம நூத்துக்கணக்குல செத்துச்சு.

நாட்டு மருந்தைக் குறை சொல்றேன்னு சண்டைக்கு வராதீங்க. மடிநோய்க்கு எங்கப்பாரு கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சுப் பூசி மாடு தேறுனதைக் கண்ணால பார்த்தவன் நான்.

மிச்ச நாலு குட்டியும் டாக்டர் மருந்துல பொழைச்சுது.

இமை வெளுத்திருந்தா அன்னிக்கே புதுப் புழுக்கையை ஒரு கவர்ல போட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மருந்தை எடை பார்த்துக் குடுங்க, கம்மியாக் குடுத்தா புழு மருந்துக்குப் பழகிக்கும்.