தவணையும் வினைத்திறனும்

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் காணி வழக்கு ஒன்பது வருடமாக இழுபடுகிறது. எங்கள் சட்டத்தரணி வாசிக்கத் தந்த ஆங்கிலக் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் ‘எஃபிஷியன்சி’ வருகிறது. வழக்கைச் சீக்கிரம் முடிப்பதைத்தான் சொல்கிறார்களா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. கொழும்பில் ஒரு நீதிமன்றத்தின் பின்வாங்கில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், சட்டத்தரணி எழும்பினார், இரண்டு வார்த்தை, அடுத்த தவணை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த அம்மா, சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்தபடி, “இவ்வளவுதானா தம்பி?” என்றார். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் செலவெல்லாம் அவர் தலையில்.

நம் அரசாங்கத் தமிழில் இரண்டு சொல் உண்டு. குறைந்த செலவில் கூடிய பலன் எடுப்பது வினைத்திறன், அதுதான் எஃபிஷியன்சி. நினைத்த காரியம் நடப்பது விளைதிறன். (அரச சேவையில் வினைத்திறன்காண் தடைப் பரீட்சை எழுதிய உத்தியோகத்தர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.) அந்த அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது இரண்டாவது.

உங்கள் கட்டுரை பேசுவது அநேகமாக மூன்றாவது ஒன்று, பொருளியலிலிருந்து சட்டத்துக்கு வந்தது. ஒருவருக்கும் நட்டமில்லாமல் ஒருவராவது நன்மை அடைந்தால் அந்த மாற்றம் நல்லது என்றார் பரேட்டோ என்ற பொருளியலாளர். நடைமுறையில் அப்படி எது கிடைக்கும்? 1939இல் கால்டோர், ஹிக்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் அதைத் தளர்த்தினார்கள்: லாபம் அடைந்தவர் நட்டப்பட்டவருக்கு ஈடு கொடுத்தும் மிச்சம் வருமென்றால் போதும். கொடுக்கக்கூடியதாக இருந்தால் சரி, கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை! எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வரும்.

வீதியை அகலமாக்க ஒருவரின் வீட்டை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஆயிரம் பேருக்குப் பயணநேரம் மிச்சமாகும். கால்டோர் கணக்கு அதோடு முடிந்துவிடும். 1950ஆம் ஆண்டின் நமது காணி எடுத்தற் சட்டம் அங்கே நிற்கவில்லை, நட்டஈடு கேட்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 38ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது: அவசரம் என்றால் காணியை உடனே கையேற்கலாம். வீடு இன்றைக்குப் போகும், காசு பிறகு வரும். வீட்டுக்காரர் அதுவரை வாடகைக்கு இருக்கும் செலவு எந்தக் கணக்கில் விழும்?

ஆகவே அந்தச் சொல் வரும் இடமெல்லாம், செலவு யாருக்கு என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வாசியுங்கள். அப்புறம் உங்கள் வழக்கு. அடுத்த திகதி விளக்கத்துக்கா (வழக்கு விசாரணைக்கா), வெறும் தவணையா (திகதி போடுவதற்கு மட்டுமா) என்று சட்டத்தரணியிடம் இப்போதே கேட்டுவையுங்கள். வெறும் தவணை என்றால், நீங்கள் கட்டாயம் வரத்தான் வேண்டுமா என்றும் கேளுங்கள்.