முப்பதாவது கிலோமீட்டருக்குப் பின் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நெடுந்தொலைவு ஓட்டம் பற்றித் தாங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தவறாமல் வாசிக்கிறேன். எனக்கு 41 வயது. எடை 70 கிலோ. சேலத்தில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். சில முழு மராத்தான்களை (42 கிலோமீட்டர்) ஓடி முடித்திருக்கிறேன். கடைசியாக ஓடியதில் முதல் 21 கிலோமீட்டரை 1 மணி 55 நிமிடத்தில் கடந்தேன். ஆனால் முடிக்கும்போது 4 மணி 25 நிமிடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் ‘எதற்காக இதையெல்லாம் செய்கிறோம்’ என்ற எண்ணம் வந்து மனம் உடைந்துவிடுகிறது. வயிறு கெட்டுவிடுமோ என்ற பயத்தில் வழியில் ஒரு ஜெல் (ஓடும்போது உண்ணும் இனிப்புக் கூழ்) மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடக்கும், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கொண்ட கம்ரேட்ஸ் ஓட்டத்துக்குப் போக விரும்புகிறேன். எனக்கு மன உறுதி போதாது என்பது எங்கள் ஓட்டக் குழுவினரின் கருத்து. அதைக் கூட்டுவதற்காகத் தண்ணீர் இல்லாமல் 25 கிலோமீட்டர் ஓடு, இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு விடியற்காலையில் ஓடு என்றெல்லாம் சொல்கிறார்கள். உடல் ‘போதும்’ என்னும்போது நம் சக்தியில் 40 சதவீதம்தான் செலவாகியிருக்கும் என்று ஒரு காணொளியில் கேட்டேன். மன உறுதியை எப்படிப் பயில்வது? நேராகக் கம்ரேட்ஸுக்குப் போகலாமா, இடையில் ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டம் தேவையா?

முத்துக்குமரன்
சேலம்

*

அன்புள்ள முத்துக்குமரன்,

மனம் உடைவதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைவிட, போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் எண்களே எனக்கு அதிகம் சொல்கின்றன. முதல் பாதியைக் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிட வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள். இரண்டாம் பாதியில் அது ஏழு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. இந்த நான்கரை மணி நேரத்தில் உள்ளே போனது ஒரே ஒரு ஜெல். இன்னொருவருடைய பேரேட்டில் இப்படியொரு செலவைப் பார்த்தால், அவருடைய மனோபலத்தைப் பற்றி விசாரிக்காமல், வரவு எங்கே என்றுதான் கேட்பீர்கள்.

சமதளத்தில் ஓடும் ஒருவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். அப்படியானால் 30 கிலோமீட்டரில் நீங்கள் செலவிடுவது 2100 கலோரி. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தின் இருப்போ சுமார் 2000 கலோரிதான். கொழுப்பும் எரியும் என்பது உண்மையே. ஆனால் வேகம் கூடக் கூட உடல் கொழுப்பைக் குறைத்து மாவுச்சத்தை அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே, வேகமாகத் தொடங்கி, வழியில் சாப்பிடாமலும் ஓடுகிறவருக்கு அந்த இருப்பு 30 கிலோமீட்டரையொட்டித் தீர்ந்துபோவதில் வியப்பில்லை. மூளை பெரிதும் குளுக்கோஸை நம்பியிருக்கும் உறுப்பு. இரத்தச் சர்க்கரை இறங்கும்போது எரிச்சலும் அவநம்பிக்கையும் கூடவே வருகின்றன. ‘எதற்காக இதையெல்லாம் செய்கிறோம்’ என்ற கேள்வி தத்துவ விசாரம் போலத் தோன்றினாலும், அந்த இடத்தில் அது பெரும்பாலும் பசிதான். அடுத்த முறை அது எழும்போது விடை தேடாதீர்கள். இனிப்பாக எதையாவது சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடந்து, பிறகு அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மராத்தானைவிட நீண்ட அல்ட்ரா ஓட்டத்தில் மன உறுதி என்று போற்றப்படுவதில் பெரும்பகுதி, முன்கூட்டியே கால்களுக்கும் வயிற்றுக்கும் கொடுத்த பயிற்சியும், தொடக்கத்தில் காட்டிய நிதானமும்தான் என்பது என் கருத்து. மீதியுள்ள ஒரு சிறு பகுதி உண்மையிலேயே மனத்தைச் சார்ந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் குழுவினர் பரிந்துரைக்கும் வழிகளை விட்டுவிடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் தண்ணீரில்லாமல் 25 கிலோமீட்டர் ஓடுபவர் மன உறுதி பெறுவாரோ இல்லையோ, வெப்பத் தாக்குதலை அருகில் அழைத்துக்கொள்கிறார். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓடுவதோ, பயிற்சியால் தேய்ந்த தசையை உடல் செப்பனிடும் நேரத்தைத் திருடுவது. இதன் எதிர்முனையும் ஆபத்தானதே. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கி, மயங்கி விழுந்த ஓட்டக்காரர்கள் உண்டு. ஹைப்போநட்ரீமியா எனப்படும் இந்த நிலையைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய சகாக்களும் 1985இல் ஆய்வுக் கட்டுரையாகப் பதிவு செய்தார்கள். அதில் இடம்பெற்றவர்களுள் கம்ரேட்ஸ் ஓடியவர்களும் இருந்தனர். தாகம் எடுத்தால் குடியுங்கள். தாகமே இல்லாதபோது, வழியிலுள்ள தண்ணீர் மேசையில் நீட்டுகிறார்கள் என்பதற்காகக் குடிக்க வேண்டாம்.

உடல் முற்றாகத் தீர்ந்துபோவதற்கு முன்பே மூளை நம்மைக் கட்டுப்படுத்திவிடுகிறது என்ற கருத்தை வலுவாக முன்வைத்தவரும் அதே நோக்ஸ்தான். அதை உடலியலாளர்கள் எல்லாரும் ஏற்பதில்லை. ஏற்றாலும்கூட, ஏதோ ஒரு கையிருப்பு இருக்கிறது என்பதிலிருந்து நீங்கள் கேட்ட காணொளியைப் போல அது 60 சதவீதம் என்று தாவுவதற்கு எந்த அளவீடும் இல்லை. சாதாரணச் சோர்வுக்கும் ஆபத்தின் அறிகுறிக்கும் வேறுபாடு தெரியாத ஒருவர் அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை தருகிறது.

கம்ரேட்ஸை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, அந்தப் போரிலிருந்து திரும்பிய விக் கிளாப்பம் 1921இல் தொடங்கிய ஓட்டம் அது. முதல் ஆண்டில் புறப்பட்டவர்கள் 34 பேர். ஓடி முடித்தவர்கள் 16 பேர். கடற்கரை நகரமான டர்பனுக்கும், சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே, பொதுவாக ஓராண்டு ஏறுமுகமாகவும் மறு ஆண்டு இறங்குமுகமாகவும் ஓடுவார்கள். தொலைவு 85 முதல் 90 கிலோமீட்டர் வரை ஆண்டுதோறும் சற்று மாறும். காலக்கெடு 12 மணி நேரம். கெடு முடியும் கணத்தில் ஓர் அலுவலர், ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி துப்பாக்கியால் சுடுவார். அதற்கு ஒரு விநாடி பிந்தியவருக்கும் பதக்கம் கிடையாது. இரக்கமற்ற விதி என்று பலர் குறைசொல்வார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

88 கிலோமீட்டரை 12 மணி நேரத்தில் கடப்பதற்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 நிமிடம் 10 விநாடி போதும். மனம் உடைந்துவிட்டதாக நீங்கள் சொல்லும் அந்த இரண்டாம் பாதியில்கூட, இதைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வேகமாகத்தான் ஓடியிருக்கிறீர்கள். வேகம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அதைத் தொடக்கத்தில் செலவழித்துவிடுவதுதான் பிரச்சினை. கம்ரேட்ஸை 1981 முதல் 1988 வரை தொடர்ந்து எட்டு முறையும், 1990இல் ஒன்பதாவது முறையும் வென்ற புரூஸ் ஃபோர்டைஸ், தொடக்கத்தில் முன்னணிக் கூட்டத்தைப் போகவிட்டு, இரண்டாம் பாதியில் ஒவ்வொருவராக எட்டிப் பிடிப்பதற்குப் பெயர்பெற்றவர். காலை ஆறரை மணிக்கு, கால்களில் புத்துணர்ச்சியோடு, நம்மைவிட வயதானவர் ஒருவர் கடந்துபோவதைப் பார்த்தும் வேகத்தைக் கூட்டாமல் இருப்பதற்கு ஒரு மன உறுதி வேண்டும். அதை யாரும் காணொளியாக எடுத்துப் போடுவதில்லை; ஆனால் நான் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான்.

அடுத்தது இறக்கம். ஏற்றத்தைக் கண்டு எல்லாரும் அஞ்சுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நடந்துவிடலாம். பாலி ஷார்ட்ஸ் என்ற புகழ்பெற்ற மேட்டில் பெரும்பாலோர் நடக்கத்தான் செய்கிறார்கள். இறங்கும்போது தொடையின் முன்புறத் தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்கவேண்டியிருப்பதால், அவற்றின் இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. இறங்குமுக ஆண்டில் ஃபீல்ட்ஸ் ஹில் என்ற நெடிய சரிவு, முடிவுக்கு இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது வருகிறது. அதற்குள் தொடைகள் கெட்டுப்போனவருக்கு, எவ்வளவு வைராக்கியம் இருந்தாலும், எஞ்சிய தொலைவு நொண்டல்தான். நல்ல செய்தி என்னவென்றால், இறக்கத்தில் ஒருமுறை சேதமடைந்து ஆறிய தசை, அடுத்த இறக்கத்தில் முன்னைவிடக் குறைவாகவே சேதமடைகிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். சேலத்துக்காரருக்கு ஏற்காடு மலைப்பாதை வாய்த்திருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முதல் நாளிலேயே ஓடி இறங்கிவிடாமல், நான்கைந்து வளைவுகளில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போங்கள். குறுகிய அடிகளாக வையுங்கள். குதிகாலை முன்னே நீட்டி ஊன்றிப் பிரேக் போடாதீர்கள். பேருந்துகள் வரத்தொடங்குவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

மற்ற பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே நாளில் மிக நீண்ட தொலைவு ஓடுவதைவிட, சனிக்கிழமை 30, ஞாயிற்றுக்கிழமை 20 என்று அடுத்தடுத்த நாள்களில் ஓடுவது, களைத்த கால்களோடு ஓடும் பழக்கத்தைக் குறைந்த சேதத்தில் தரும். ஓட்டம் ஜூன் மாதத்தில், அங்கே குளிர்காலத்தில் நடப்பதால், உங்கள் கடினமான வாரங்கள் இங்கே கடும் கோடையில் விழும். அதிகாலை நான்கு மணிக்கு முன்பே கிளம்புவதைத் தவிர வேறு வழியில்லை. எல்லா லாங் ரன்னிலும் (நீண்ட பயிற்சி ஓட்டத்திலும்) சாப்பிடப் பழகுங்கள். ஒரு ஜெல்லில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். மணிக்கு 30 கிராமில் தொடங்கிச் சில மாதங்களில் 60 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். வயிறு கெட்டுவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் குடலும் பயிற்சிக்குப் பழகும் உறுப்பு. உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பேரீச்சை என்று உங்களுக்கு ஒத்துக்கொள்வதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கடலைமிட்டாயை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். கொழுப்பு மிகுந்திருப்பதால் அது மெதுவாகவே செரிக்கும், ஆகவே நடக்கும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மனம். உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேலே மார்கோராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 16 பேர் பங்கேற்றனர். ஒருமுறை 90 நிமிடம் கவனத்தைக் கோரும் கணினி வேலையைச் செய்தபின்னும், இன்னொருமுறை அதே நேரம் ஆவணப்படம் பார்த்தபின்னும், இனி முடியாது என்னும்வரை அவர்கள் சைக்கிள் மிதித்தார்கள். படம் பார்த்தபின் சராசரியாக 754 விநாடி மிதித்தவர்கள், கணினி வேலைக்குப்பின் 640 விநாடியில் நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசைகளும் வழக்கம்போலவே வேலை செய்தன. அதே முயற்சி அதிகக் கடினமாகத் தோன்றியதுதான் வேறுபாடு. தணிக்கை அலுவலகத்தில் நாளெல்லாம் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கணக்கு முடிக்கும் பருவத்தில், இரவு பத்து மணிவரை வேலை செய்துவிட்டு மறுநாள் விடியலில் லாங் ரன் போய், பாதியில் நின்றுவிட்டு, ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்த வாரங்களில் தொலைவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய நாள்களில் விசா, விமானம், விடுதி பற்றிய குழப்பங்கள் எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

தனக்குத்தானே பேசிக்கொள்வதும் பயன் தருகிறது. மார்கோரா இடம்பெற்ற இன்னொரு குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கான ஊக்கச் சொற்களைத் தாமே தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகியவர்கள், முன்னைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதல் நேரம் மிதித்தார்கள். அது பத்துப் பன்னிரண்டு நிமிடச் சோதனை. 11 மணி நேர ஓட்டத்துக்கு அதே கணக்கை அப்படியே பொருத்தக்கூடாது. இருந்தாலும், களைப்பில் மனம் புதிதாக எதையும் யோசிக்காது. ஏற்கெனவே பழகியதைத்தான் திருப்பிச் சொல்லும் என்பதை ஓடுகிறவர்கள் எல்லாரும் அறிவார்கள். ‘நான் வலிமையானவன்’ போன்ற பொதுவான முழக்கங்கள் 60 கிலோமீட்டருக்குப் பிறகு பொய்யாகக் கேட்கும். ‘அடுத்த மேசை வரை ஓடு, அங்கே சாப்பிட்டபடி நட’ என்பது போன்ற, உடனே செய்யக்கூடிய வேலையைச் சொல்லும் வாக்கியம் நிற்கும். மீதித் தொலைவைக் கணக்கிடாதீர்கள். வழியில் தண்ணீர் மேசைகள் அடிக்கடி வரும். அடுத்த மேசைக்கு அப்பால் யோசிக்க வேண்டியதில்லை. நாற்காலியைக் கண்டால் உட்கார வேண்டாம்; நிறுத்துவதா என்ற கேள்வியை ஏற்றத்தின் நடுவிலோ வெறும் வயிற்றிலோ எடுக்க வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்பதையும் வீட்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், பேச்சு குழறினால், திசை தடுமாறினால், நெஞ்சு வலித்தால், எலும்பின் ஒரு புள்ளியில் ஒவ்வோர் அடிக்கும் கூர்மையாக வலி கூடிக்கொண்டே வந்தால் நிறுத்த வேண்டும். அதில் விவாதம் இல்லை. சோர்வு, சலிப்பு, கொப்புளம், குமட்டல், அழுகை ஆகியவற்றுக்காக உடனே நிறுத்த வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து அரை மணி நேரம் பார்க்கலாம். வலி மாத்திரையைத் தொடவேண்டாம். நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஐபுபுரூஃபன் எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் சிறுநீரகப் பாதிப்பின் குறிகள் காணப்பட்டன. எடுக்காதவர்களில் அது மூன்றில் ஒரு பங்கு. மாத்திரை இல்லாமலே இவ்வளவு பாரம் சுமக்கும் உறுப்பை மேலும் வதைப்பானேன்?

உங்கள் கடைசிக் கேள்விக்கு: ஆம், 50 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை முதலில் ஓடுங்கள். தொலைவுக்குப் பழகுவதற்காக அதைச் சொல்லவில்லை. மராத்தானைவிட அது எட்டே கிலோமீட்டர் கூடுதல். முதல் பாதியைக் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்தில் ஓடி, மணிக்கு 50 கிராமாவது சாப்பிட்டு, இரண்டாம் பாதியை அதே வேகத்தில் முடிக்க உங்களால் முடிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். முடிந்தால் கம்ரேட்ஸுக்கு விண்ணப்பியுங்கள். முதல் பாதியில் வேகம் கூடிவிட்டால் இன்னொரு 50 ஓடுங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஓர் இதய நோய் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். ஏற்காட்டில் முதல்முறை இறங்கியபின் தொடைவலி எத்தனை நாள் இருந்தது, மூன்றாம் முறை எத்தனை நாள் இருந்தது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.